கடைசி வரியில் ஒரு பெயர்

காலையில் இருக்கைக்கு வந்ததும் திரையைப் பார்க்கமாட்டார். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. சூடு இருந்தால், "நேத்து விட்ட சோதனை இன்னும் ஓடுதுப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளுவார். சூடு இல்லையென்றால் செருப்போடு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அலுவலகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். முகத்துக்கு நேராகவே "ஆமை சார்" என்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். சின்னப் பையன்கள் ஒரே நாளில் எழுதித் தள்ளும் நிரலை அவர் ஒரு மாதத்தில்கூட எழுதமாட்டார். எழுதுவதைவிட அழிப்பதே அதிகம். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. சட்டைப் பையில் கண்ணாடி துடைக்க ஒரு துண்டுத் துணி வைத்திருப்பார். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் போதும், கண்ணாடி அழுக்காகிவிடும்.

கணினியின் மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர்; உலகில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து படிக்கலாம். அதற்குள் ஆமையின் ராஜ்யம் உள்ளங்கை அகலம்தான்: வன்வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே கோப்புகளை வைத்துக் காக்கும் பகுதி. "கரண்ட் போனா எல்லாம் போச்சு, அதுல தப்பே இல்ல. ஆனா கரண்ட் இருக்கற வரைக்கும் ஒரு எழுத்து காணாம போகக்கூடாது. அவ்வளவுதான் நம்ம பொழப்பு" என்பார்.

அந்தப் பிழைப்பில்தான் மண் விழுந்தது. எங்கெங்கோ இருந்து புகார்கள் வந்தன. நினைவகத்தில் இட நெருக்கடி வந்தால் கர்னல் பக்கங்கள் எனப்படும் நினைவகத் துண்டுகள் சிலவற்றை வன்வட்டுக்கு அனுப்பிவைத்து, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். கொண்டுவரும் அந்த இமைப்பொழுதில் இன்னொரு நிரல் அதே பக்கத்தைக் கேட்டால் அதற்குக் கிடைப்பது வெறும் பூஜ்யங்கள். எழுதியிருந்தது அத்தனையும் போயே போச்சு.

வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார். வேவு பார்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் பிழை ஒளிந்துகொள்ளும், எடுத்துவிட்டால் வந்து நிற்கும். "என்னைப் பாத்தா அதுக்கு வெக்கம்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் மறுநாளே பிழை கையும் களவுமாக அகப்பட்டுவிட்டது. பக்கம் முழுதாக வந்து சேருமுன்பே, மற்ற நிரல்கள் அதைத் தொடாமல் காக்கும் பூட்டைத் திறந்துவிடுகிறது ஒரு வரி. கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று அதை மேலே நகர்த்தியது யாரென்று நிரலின் வரலாற்றில் தேடினார். நெட்டையின் பெயர் வந்தது.

நெட்டை அவருடைய பக்கத்து இருக்கைக்காரன், இருந்த ஒரே நண்பன். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். அந்த நாற்காலியில் யாராவது பையை வைத்தால் ஆமை எழுந்துபோய் எடுத்துக் கீழே வைப்பார்.

திருத்தம் ஒரே நிமிடத்தில் முடிந்தது, அந்த வரியைக் கீழே இறக்கினால் சரி. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்று திருத்தக் குறிப்பின் கடைசியில் ஒரு வரி எழுதவேண்டும். பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் திருத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். அது இல்லையென்றால் புதிய கணினிகள் பிழைக்கும், பழையவை பூஜ்யம் கக்கிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் ஆமைக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரி இல்லாமலேயே பூசி மெழுகி, குறிப்பைச் சோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்.

சோதனைப் பிரிவில் இருப்பது நெட்டையின் மனைவி. நரைத்த தலைக்காரரைத் "தம்பி" என்று கூப்பிட அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் உரிமை. மடிக்கணினியைத் திறந்தபடியே வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு நாளா ஓட விட்டேன். ஒரு பூஜ்யம்கூட இல்ல. சரியாயிடுச்சு."

"நல்லது அண்ணி."

"கடைசி வரி எங்க?"

கண்ணாடி கைக்கு வந்தது. துணி நெடுநேரம் அதன்மேல் ஓடியது.

"நான் தேடிப் பாத்துட்டேன். அவரு மாத்தினதுதானே?"

"உலகம் பூரா படிப்பாங்க, அண்ணி. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. இருந்தா அவனே பதில் சொல்லிடுவான். இப்ப யார் சொல்றது?"

"அதுக்காக யாரோ ஒருத்தரோட ஃபைல் தினமும் அழியணுமா? நீங்க இப்படி மறைச்சது தெரிஞ்சா அவரு சும்மா விட்டிருப்பாரா?"

"கிழி கிழின்னு கிழிச்சிருப்பான்."

"அப்புறம் என்ன?" அண்ணி மடிக்கணினியை மூடினார். "எழுதுங்க. சோதிச்சவங்கன்னு அதுக்குக் கீழயே என் பேரையும் போடுங்க."

எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, தப்பு வந்து அழித்து, மறுபடியும் எழுதினார். ஊருக்கே கேட்கும்படி நண்பனைக் காட்டிக்கொடுப்பதாகவே அவருக்குத் தோன்றியது. கணவன் பெயருக்கு அடியில் மனைவியின் பெயர் வந்து நின்றது.

பிழையான வரியை எழுதியவருக்கும் ஒரு பிரதி போகவேண்டும் என்பதும் வழக்கம்தான். அஞ்சல் நிரல் முகவரிகளைத் தானே இட்டு நிரப்பியது, நெட்டையின் முகவரி முதலில் வந்து உட்கார்ந்தது. அதை அழிக்க விரலைக் கொண்டுபோனவர் மனம் வராமல் எடுத்துக்கொண்டார். அப்படியே அனுப்பினார். அண்ணி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

சில நொடிகளில் ஓர் அஞ்சல் திரும்பி வந்து திரையில் விழுந்தது: 'இப்படி ஒருவர் இங்கே இல்லை.' அண்ணி குனிந்து படிப்பதற்குள், ஆமை இரண்டு உள்ளங்கைகளையும் திரைமேல் விரித்து அந்த இடத்தை மூடிக்கொண்டார்.