பாத்திரத்தில் வெட்டிய உயில்

உப்புத்தாளை மடித்துப் பிடித்து, பித்தளை உருளியின் விளிம்பிலிருந்து அனில்குமாரைத் தேய்த்து அகற்றிக்கொண்டிருந்தார் ரெத்தினபாய். 'அனில்' போய்விட்டது, 'குமார்' பிடிவாதமாக நின்றது.

"அவனுக்க பால்காய்ச்சு வீட்டுல எனக்கு மூணாம் பந்தியிலயாக்கும் எலை போட்டான். உருளி இனி எதிர்வீட்டு விபினுக்கு."

கருங்கல் சந்தைக்கு எதிரே பாத்திரக் கடை நடத்தும் ரெத்தினபாய்க்கு வயது எழுபத்திரண்டு, மணமாகாதவர். பெண் பார்க்க வந்த தக்கலைக்காரர் ஒருவர், இவர் வீட்டு வெண்கலப் பானையைத் தட்டிப் பார்த்து, "பித்தளை நல்ல கனமாட்டு இருக்கு" என்றாராம். "வெண்கலத்துக்க சத்தம் தெரியாதவனுக்கு எனக்க சத்தம் எங்க தெரியப்போவுது?" என்று அன்றோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் சிறிய மின்கருவி, அவர் கைக்குப் பேனாவைப்போலப் பழகியது. ஊராரின் பாத்திரங்களில் மணமக்களின் பெயர் ஏறும். தம் வீட்டுப் பாத்திரங்களிலோ, தம் காலத்துக்குப் பின் அவற்றைப் பெறவேண்டியவரின் பெயரை வெட்டிவைப்பார். இட்லிக் கொப்பரை பக்கத்துக் கடைச் சூசைக்கு. செம்புக்குடம் தம்பி மகன் அனில்குமாருக்கு. வருத்தம் வந்தால் பெயர் தேயும். தணிந்தால் மீண்டும் ஏறும். இவ்வாறு வாரிசுகள் மாறி மாறித் தேய்ந்ததில் ஒரு செம்பு ஒழுகத் தொடங்கிவிட்டது. அதற்கு மட்டும் இப்போது போட்டி இல்லை.

துபாயிலிருந்து திரும்பிய அனில்குமாரின் கண், பாத்திரங்களைக் கடந்து கடையின்மேல் இருந்தது. இடித்துவிட்டுக் காம்ப்ளக்ஸ் கட்டலாம் என்று ஆளும் பார்த்துவிட்டான். அந்தக் கடையன்றி வேறு பிழைப்பு இல்லாதவள் அஜிதா. ரெத்தினபாயின் தங்கை மகளான அவள், கணவனை விட்டு வந்த நாள்முதல் அங்கேதான் நிற்கிறாள். எனினும், ரெத்தினபாய் வீட்டின் ஒரு தேக்கரண்டியில்கூட அவள் பெயர் இல்லை.

உருளி கைமாறியதை அறியாத அனில்குமார், மறுநாள் இடம் வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அத்தை, வீட்டுல பாதிப் பாத்திரத்துல எனக்க பேருதான் கெடக்கு. அஜிதாக்கு ஒண்ணுலயும் இல்ல. அப்போ கடை ஆருக்குன்னு நான் சொல்லணுமா?"

அஜிதா தலை நிமிராமல் குக்கர் மூடியைத் துடைத்தாள். துடைத்த மூடியையே மறுபடியும் துடைத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு ஏன் பேரு வெட்டலன்னு ஒரு நாளாவது கேட்டியா?" என்றார் ரெத்தினபாய்.

"கேட்டா மட்டும் வெட்டிருவியளா, பெரியம்மை?"

"வெட்டமாட்டேன்." அவர் அனில்குமார் பக்கம் திரும்பினார். "மக்கா, பேரு வெட்டினதெல்லாம் நான் செத்தா அவனவன் தூக்கிட்டுப் போவதுக்கு. இவ எதையும் தூக்கிட்டு எங்கயும் போண்டாம். நாளைக்கு ரெஜிஸ்தர் ஆபீசுல கடைய இவ பேருக்கு எழுதப்போறேன். சாட்சிக்கு நீயும் வந்திரு."

"அப்போ எனக்கு?"

"கொடம் இருக்குல்லா! அவசரம்னா இப்பவே எடுத்துக்கோ. நான் பொறவு செத்துக்கிடுதேன்."

அனில்குமார் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினான். இடம் வாங்க வந்தவர், வெறுங்கையோடு போக மனமில்லாமல் ஒரு பால் குக்கரை வாங்கிக்கொண்டார்.

ரெத்தினபாய் நாற்காலியிலிருந்து எழுந்து, அஜிதாவின் தோளை அழுத்தி அதில் அமர்த்தினார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் வந்தார்.

"கடைக்காரி, ஒரு குத்துவிளக்கு எடுத்துக் காட்டு. வெல கொறச்சுப் போடணும், கேட்டியா?"

அஜிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கொறயாது."

ரெத்தினபாய் உதட்டைப் பிதுக்கினார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறு கடைக்குப் போகிறவரைப்போல வாசல்வரை நடந்து, கூப்பிடுகிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.