பலகையை மறைத்த முதுகு

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை வயரிங் வகுப்பு. வாத்தியார் என்னைவிட இளையவர், ஒல்லி. கணக்குப் போடுமுன் டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்.

பக்க இணைப்பில் ஆறு ஓம், மூன்று ஓம் மின்தடைகள். ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் அரை. அதைத் தலைகீழாக்க மறந்து, ‘அரை ஓம்’ என்று எழுதிவிட்டார்.

“திருப்பிப் போடலியே சார், ரெண்டு ஓம் லா!” என்றேன். வகுப்பே சிரித்தது. அவருக்குக் காது சிவந்தது.

“சரிதாண்ணே. இதோட தொடரா நாலு ஓம் சேர்த்து நீங்களே போடுங்க.”

மிடுக்காகப் போய், அரையோடு நான்கைக் கூட்டி ‘நாலரை’ என்று எழுதினேன். உடனே அவர் பலகையை மறைத்து நின்று, “யாருக்கெல்லாம் தே ஓ வேணும்?” என்று பாலில்லாத தேநீருக்கு ஆள் எண்ணுவதுபோல் வகுப்பைக் கேட்டார். பிறகு மெதுவாக, “மொதல்ல திருப்புங்கண்ணே.”

அழித்து, ‘ஆறு’ என்று எழுதினேன். கைதட்டினார்கள், அவரும்தான்.

அந்த ஒல்லி முதுகு அவ்வளவு பெரிய பலகையை எப்படி மறைத்ததோ, இன்றும் விளங்கவில்லை.