பனிக்கட்டியில் ஏழு துளைகள்

எனக்குக் கதை கட்ட வராது. மணி பார்த்துக் குறித்துவைக்க மட்டும் வரும். வடக்கே யூகான் காட்டில் மின்கம்பியே இல்லாத வீட்டில் வாழ்ந்தால் அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். பேட்டரி எத்தனை மணிக்கு இறங்கியது, குளிர் எத்தனை டிகிரி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவேன். கீழே வரும் நேரங்கள் அந்த நோட்டில் இருந்தவை. ஒன்றையும் மாற்றவில்லை.

ஆறு வருடத்துக்கு முந்தைய டிசம்பர். லூன் ஏரிக்கரையில் நானும், என் கணவன் ரஸ்ஸலும், ஐந்து வயது ஹேசலும், எட்டு மாதக் குழந்தை ஃபின்னும் இருந்தோம். கூடவே டைகா என்ற நாய். விடிந்ததும் ரஸ்ஸல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவான். கரையோரம் எங்கள் தண்ணீர்த் துளை இருந்தது. இரவில் அது உறைந்துபோகும், காலையில் உடைத்து நான்கு வாளி தண்ணீர் கொண்டுவருவான். நான் விறகடுப்பைக் கிளறி, ஃபின்னின் துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போடுவேன். வேலை முடிவதற்குள் இருட்டிவிடும். அங்கே டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டு.

அந்த மாதம் ஒன்பதாம் தேதி ரஸ்ஸல் வெறும் வாளியோடு திரும்பி வந்தான்.

"மார்லா, ஏரிக்குள்ள கொஞ்ச தூரம் தள்ளி யாரோ துளை போட்டிருக்காங்க."

"மீன் பிடிக்கத்தான் இருக்கும்."

"மீன் பிடிக்கறவன் நடந்துதானே வரணும்? ஒரு கால்தடம் கூட இல்ல."

மறுநாள் இரண்டாவது துளை. அதற்கு மறுநாள் மூன்றாவது. இயந்திரத்தால் போட்டதல்ல, கடப்பாரையால் குத்தியது. தட்டு அளவு இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக நூறு அடி. ஒரே நேர்கோடு.

கோடு எங்கள் வீட்டை நோக்கி வந்தது.

எங்களுக்கு ஒரே ஒரு ஆள்மேல்தான் சந்தேகம். ஏரிக்கு அந்தக் கரையில், ஐந்து கிலோமீட்டர் தள்ளி எர்லிங் என்ற கிழவர் இருந்தார். பொறி வைத்து மரநாய் பிடிப்பவர். வந்த முதல் வருடமே எங்களுக்கும் அவருக்கும் சண்டை. எங்கள் விறகுப் பாதையில் பொறி வைத்திருந்தார், அதில் டைகாவின் கால் மாட்டியது. ரஸ்ஸல் கத்திவிட்டு வந்தான். "நீங்க ரெண்டு குளிர்காலம் தாங்கமாட்டீங்க" என்று அவர் அப்போது சிரித்தாராம்.

இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம்.

"நம்மள பயமுறுத்தித் துரத்தப் பாக்கறான் கிழவன்" என்றான் ரஸ்ஸல்.

"தடமே இல்லாம எப்படி வருவார்?"

"அறுபது வருஷமா காட்டுல இருக்கற ஆளு. தடத்த அழிக்கத் தெரியாதா?"

ஆறாவது துளை விழுந்த மறுநாள், பதினைந்தாம் தேதி. கடைசித் துளைக்கும் எங்கள் தண்ணீர்த் துளைக்கும் நடுவே நூறு அடிதான் பாக்கி. மதியம் இரண்டரைக்கு ரஸ்ஸல் பனி வண்டியைக் கிளப்பினான்.

"நேர்ல ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன். நாலரைக்குள்ள வந்துடுவேன்."

"துப்பாக்கி எடுத்துட்டுப் போகாத. கோவத்துல இருக்க."

வைத்துவிட்டுத்தான் போனான்.

3:25. இருட்டிவிட்டது. அடுப்பில் கடமான் கறி கொதித்தது. ஹேசல் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

3:35. ஏரியிலிருந்து சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

கடப்பாரைச் சத்தம். ரஸ்ஸல் வந்துவிட்டான் என்று நினைத்தேன். வண்டிச் சத்தம் ஏன் கேட்கவில்லை? ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். நிலா இருந்தது, ஏரி வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஆள் யாரும் இல்லை.

டக்... டக்...

வழக்கமாக ஓர் அணில் ஓடினாலே குரைக்கும் டைகா, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

3:41. ரேடியோ கரகரத்தது. ரஸ்ஸல்.

"மார்லா, நான் எர்லிங் வீட்ல இருக்கேன். துளை போடறது அவர் இல்ல. பத்து நாளா கால் உடைஞ்சு கட்டுப் போட்டுக் கிடக்கறார். எழுந்து நிக்கக்கூட முடியல."

டக்... டக்...

"அப்ப இங்க தட்டறது யாரு?"

ரேடியோ மறுபடியும் கரகரத்தது.

"கதவைப் பூட்டு. வரேன்."

பூட்டினேன். துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஃபின்னைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

3:50. சத்தம் எங்கள் தண்ணீர்த் துளையில் கேட்டது. பிறகு நின்றது.

"அம்மா" என்றாள் ஹேசல், படத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அந்த மாமா ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்கறாரு."

"எந்த மாமா?"

"வெளிய இருக்கறவரு."

"என்ன கேக்கறாரு?"

"'நீ இங்கயா இருக்க?'ன்னு."

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை.

4:02. மறுபடியும் சத்தம். இப்போது ஏரியில் இல்லை. முற்றத்தில். பனிக்கட்டியில் குத்தும் சத்தமும் இல்லை. இறுகிப்போன மண்ணில்...

தட்... தட்... தட்...

விளக்கை அணைத்தேன்.

4:09. ஜன்னலுக்கு நேர் கீழே.

தட்... தட்...

நின்றது.

ஹேசலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது...

பதில் வந்தது.

தரைக்கு அடியிலிருந்து.

உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறையிலிருந்து.

மெதுவாக... மூன்று தட்டல்.

நான் உட்கார்ந்திருந்தது அதன் மூடிமேல்.

4:14. பனி வண்டியின் வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது. எல்லாம் அடங்கியது.

ரஸ்ஸல் டார்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர்த் துளைக்குப் பக்கத்தில் ஏழாவது துளை. ஜன்னலுக்குக் கீழே, இரும்பாக உறைந்த மண்ணில், முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. சுற்றிலும் பனி கலையாமல் கிடந்தது.

குழந்தைகளைப் போர்த்தி, நாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. எர்லிங் வீடு.

கிழவர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார். "வாம்மா பொண்ணு, அடுப்புப் பக்கத்துல உக்காரு" என்று ஹேசலுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

துளைகளைப் பற்றியும், ஹேசலுக்குக் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொன்னோம்.

"அது ஆன்டன்" என்றார். "நாப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. அவன் பொண்டாட்டி ஜோசெட் ஏரியில நடந்து போறப்ப பனி உடைஞ்சு விழுந்துட்டா. அவன் பதினோரு நாள் துளை போட்டுத் தேடினான். நானும் கூட நின்னு தேடினேன். கிடைக்கல. பன்னெண்டாம் நாள் கடைசித் துளை பக்கத்துலயே விறைச்சுச் செத்துக் கிடந்தான்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஹேசலைப் பார்த்துக் குனிந்தார்.

"பாப்பா, அந்த மாமாவுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. எங்க வீட்டுக்குக் கீழருந்து."

கிழவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"பசங்களக் கூட்டிட்டு தெற்கே போயிடுங்க தம்பி" என்றார் ரஸ்ஸலிடம். "அந்த வீட்ல எதையும் தோண்டாதீங்க, தொடாதீங்க. அப்படியே விட்டுட்டுப் போங்க."

அன்று அவர் வீட்டில்தான் தூங்கினோம். நான் இரண்டு தடவை விழித்தேன். இரண்டு தடவையும் அவர் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வலி போல என்று நினைத்தேன்.

நகரத்துக்குப் போய்விட்டோம். ஜூன் மாதம், சாமான்களை எடுக்க ரஸ்ஸல் மட்டும் திரும்பிப் போனான். நிலவறையில் பனி உருகி, மண் ஒரு இடத்தில் மட்டும் நீளமாக உள்வாங்கியிருந்தது. மண்வெட்டியை எடுத்தான்.

கித்தானில் சுற்றிய எலும்புகள். ஒரு பெண்ணுடையவை.

போலீஸ்காரர் பழைய கோப்பைத் தேடி எடுத்து எங்கள் முன்னால் பிரித்தார். ஜோசெட் ஏரியில் விழுந்ததைப் பார்த்தேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர். எர்லிங். அவர் அப்போது கொடுத்திருந்த முகவரி, நாங்கள் இருந்த வீடு.

அவரைத் தேடிப் போனார்கள். அடுப்பில் சூடு ஆறவில்லை. படகு கரையில் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கிளம்பும்போது போலீஸ்காரர் ரஸ்ஸலைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை அவன் என்னிடம் சொல்ல ஒரு வருடம் ஆனது.

எலும்புகளை வெளியே எடுத்தபோது, இடது கணுக்காலில் ஒரு சங்கிலி இருந்ததாம். சங்கிலியின் மறுமுனை நிலவறைத் தூணில் அறையப்பட்டிருந்ததாம்.

செத்தவளுக்கு யாரும் சங்கிலி போடமாட்டார்கள்.