சிங்கப்பூரில் மாற்ற வேண்டிய பெடல்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிடார் வகுப்பில் ஒன்பது பேர் படித்தோம். சத்தத்தை எப்படிக் கூட்டுவது என்பது எட்டுப் பேரின் கவலை. எப்படிக் குறைப்பது என்பது என் கவலை.

கோடை விடுமுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி வைக்கப் போவதாகவும், ஒவ்வொருவரும் மேடையில் தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்றும் சார் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் ஓரளவு வந்தது. யாராவது பார்த்தால் விரல் பக்கத்துக் கம்பிக்குப் போய்விடும். ஒரு சுரத்துக்கு இரண்டு கரகரப்பு என்பதுதான் என் கணக்கு.

வகுப்பில் எல்லோரும் பெடல் பற்றியே பேசினார்கள். காலால் அமுக்கும் சின்ன இரும்புப் பெட்டி அது. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இணைத்தால் சத்தத்தை வேறு மாதிரி ஆக்கிவிடும். சாரிடம் நான்கு இருந்தன. அவற்றை அவர் எங்களைத் தொடவிட்டதில்லை. கிடாரை உறுமவைக்கும் டிஸ்டார்ஷன் பெடல்தான் பையன்களின் கனவு. நானோ பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் வாங்கி, ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்கு ஏற்றது எது என்று தேடினேன். ஒலிமாதிரிகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஆகவே ஒரு பெடலைக்கூடக் காதால் கேட்காமல், படித்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். நாய்ஸ் கேட் என்று ஒன்று இருந்தது. தேவையில்லாத சத்தங்களை அறவே நீக்கிவிடும் என்று அதன் கீழே போட்டிருந்தது. என் வாசிப்பில் முக்கால்வாசி தேவையில்லாத சத்தம்தான். எனக்காகவே எவனோ செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். ஊருக்கு வருகிறேன் என்று சொன்ன ஞாயிறன்று, பெடலின் பெயரை ஆங்கில எழுத்துகளில் துண்டுச்சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா அன்று வழக்கம்போல் நீளமாகப் பேசவில்லை. "சரிடா, சரிடா, வேளைக்குச் சாப்பிடுறியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வைத்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில் ரிசீவரைப் பிடுங்கி, எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "அவனே எந்த நெலமைல வரான், இவளுக்கு டப்பா கேக்குது" என்றாள். அது மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். "விடுக்கா, ஒண்ணே ஒண்ணுதானே கேக்குறா" என்றார்.

எப்போதும் ஒரு பெட்டியோடு வருகிறவர் அந்தத் தடவை மூன்று பெட்டிகளோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து திறந்தால், முதல் பெட்டியில் அடிப்பிடித்த ரைஸ் குக்கர், ஒரு சுவர்க் கடிகாரம், தலையணை. இரண்டாவதில் கால்வாசி மிச்சமிருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில். போன வருடம் அம்மா கொடுத்தனுப்பிய மாவடுகூடத் திரும்பி வந்திருந்தது. மாமா இவ்வளவு கஞ்சராகிவிட்டாரே என்று எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. மூன்றாவது பெட்டியில், ஒரு பனியனுக்குள் சுற்றி, என் பெடல் இருந்தது. நான் சொன்ன அதே பெயர்.

மறுநாள் வகுப்பில் அதை இணைத்துவிட்டு வாசித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. வயர் சரியாக மாட்டவில்லையோ என்று பார்த்துவிட்டு மறுபடி வாசித்தேன். இரண்டு இடத்தில் மட்டும் டங், டங் என்று கேட்டது. இரண்டும் தப்பு. சார் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சத்தம் மெல்லியதாக இருந்தால் அதைத் தேவையில்லாதது என்று எண்ணி அடைத்துவிடும் பெடல் அது. பயந்து பயந்து தொட்ட சுரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு, பயத்தில் ஓங்கி அடித்த தப்புகளை மட்டும் வெளியே விட்டிருந்தது. "இதுக்கு மொதல்ல நீ சத்தமா வாசிக்கணுமேம்மா" என்றார் சார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். பெடலோடு வந்திருந்த ரசீதை அவரே எடுத்துப் படித்துப் பார்த்தார். வாங்கிய முப்பது நாளுக்குள் அதே கடையில் கொடுத்தால் வேறு பெடல் மாற்றிக்கொள்ளலாமாம்.

உயிர் வந்தது. மாமா ஒருமுறைகூடப் பதினைந்து நாளுக்கு மேல் லீவில் இருந்ததில்லை. திரும்பிப் போனதும் மாற்றி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் நிகழ்ச்சிக்குள் கைக்கு வந்துவிடும். அன்று சாயங்காலமே கேட்டேன். "எப்ப மாமா கிளம்புறீங்க?"

மாமா சிரித்துக்கொண்டே, "வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள தொரத்துறியா?" என்றார்.

பத்தாம் நாள் கேட்டேன். பதினைந்தாம் நாள் கேட்டேன். அதற்குப் பிறகு, புவியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முப்பது கட்டம் போட்டு, கழிந்த பதினைந்தையும் அடித்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே தினமும் கேட்டேன். நான் வாயைத் திறந்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மாவுக்கு உடனே கொத்தமல்லி தேவைப்படும். என்னைக் கடைக்கு விரட்டுவாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் கொத்தமல்லி போடாத குழம்பே கிடையாது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரும் என் கட்சிதான். மாமாவின் சட்டைகளைக் கொண்டுபோனால், "இன்னா பாப்பா, மாமா இன்னும் இங்கியே கீறாரு? எத்தினி நாளு லீவு?" என்று கேட்பார். எனக்கும் அதுதானே தெரியவேண்டும்?

மாமா தினமும் அந்த இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு காலையிலேயே வெளியே போனார். ஒருநாள் கேளம்பாக்கம், ஒருநாள் ஒரகடம், ஒருநாள் மறுபடி கேளம்பாக்கம். கேட்டால் நண்பனைப் பார்க்க என்பார். என் பெடல் மாற்றாமல் கிடக்கும்போது இவர் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. மேடையில் நான் நிற்பதும், கிடாரிலிருந்து தப்புகள் மட்டும் வெளியே வருவதும் கனவில்கூட வந்து போனது.

அவருக்கு வேலை போயிருந்தது. அந்த வருடம் பல பேருக்குப் போனது. இருந்த அறையைக் காலி செய்து, தூக்கிப்போட மனமில்லாத எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா சேலையூரில் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், மாப்பிள்ளை எப்போது திரும்பிப் போகிறார் என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு போன் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே காலனி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தார்கள்; அதில் நியாயம் இருந்தது. வீட்டில் ஒருவருமே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணியாத கேள்வியை நான் தினமும் கேட்டேன், சில நாள் இரண்டு வேளையும். இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

இருபத்தேழாவது கட்டத்தை அடித்த அன்று பொறுமை போய்விட்டது. மாமா அப்போதுதான் வெளியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரசீதை அவர் முன்னால் நீட்டினேன்.

"இன்னும் மூணே நாள்தான் மாமா இருக்கு. எப்பதான் போவீங்க நீங்க?"

அம்மா சமையலறையிலிருந்து ஓங்கிய கையோடு வந்தாள். மாமா எழுந்து குறுக்கே நின்றுகொண்டார். "அவ கரெக்டாத்தான் கேக்குறா, விடுக்கா" என்றார். பிறகு ரசீதை வாங்கி, அத்தனை சின்னத் தாளில் படிக்க அவ்வளவு என்ன இருக்கிறது என்று தோன்றும்படி வெகுநேரம் படித்தார்.

"இந்தக் கடைக்கு ரயில்ல போகணும்" என்று ஆரம்பித்தார். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், நகரும் படியில் எத்தனை மாடி ஏற வேண்டும், போகும் வழியில் எந்த இடத்தில் காபி நன்றாக இருக்கும், கடையில் கண்ணாடி போட்ட கிழவரிடம் போகாமல் இளம்பெண்ணிடம் போனால் ஏன் சீக்கிரம் மாற்றித் தருவாள் என்பதுவரை சொன்னார். ஆபீஸ் முடிந்து கிளம்பினால் இருபது நிமிடத்தில் போய்விடலாமாம். இவ்வளவு துல்லியமாக வழி சொல்கிறவர் கட்டாயம் போய்விடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று வாரமாக நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

மறந்துவிடப் போகிறீர்கள், இப்போதே பெட்டியில் வைத்துவிடுங்கள் என்றேன். மாமா நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த காலிப் பெட்டிகளில் ஒன்றை இறக்கிக் கொடுத்தார். நான் பெடலைத் துண்டில் சுற்றி நடுவில் வைத்து, ரசீதை அதன்மேல் செருகினேன். மாமா பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வைத்து முடித்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். வேறு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று யோசிக்கிறார் போல என்று நினைத்து, நான் சந்தோஷமாக வாசிக்கப் போனேன்.