கை நனையாத விருந்தாளி

பெண் பார்க்கப் போகிற கூட்டத்தில் ஞானதுரை இருந்தால் பெண் வீட்டார் அடுப்பை அணைத்துவிடலாம். பேச்சு முடியாத வீட்டில் அவர் கை நனைக்க மாட்டார். காப்பி குடிப்பார், மிக்சர் கொறிப்பார், சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார். சோறு தின்றால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். தின்றுவிட்டு வேண்டாம் என்கிறவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி. தங்கை தங்கபாய் மகனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, ஆட்டுக்கறி மணக்க மணக்க இலை போட்டார்கள். மனுஷன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காய்ந்த பரோட்டாவைத் தின்றார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிடிவாதத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் ஜப்பானுக்கு விமானம் ஏறினார்.

ஒரே மகன் ஜோயலுக்கு அங்கே மெஷின் கம்பெனியில் வேலை. மிசாகி என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று போனில் சொன்னான். "நீங்க சரின்னா இவ. இல்லன்னா எனக்கு எவளும் வேண்டாம்ப்பா" என்றான். திமிறியிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். இப்படிப் பணிந்து நிற்கிறவனை என்ன செய்ய?

மிசாகிக்கு அம்மா இல்லை. அப்பா மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் சோபாக் கடை வைத்திருந்தார். சோபா என்றால் ஒருவகைக் கறுத்த கோதுமை மாவைப் பிசைந்து, கத்தியால் நூல் நூலாக அரிந்து, வேகவைத்துத் தின்கிற பலகாரம். பரம்பரைக் கடை. விருந்தாளிகளுக்காக அன்று மதியம் வேறு யாருக்கும் கதவு திறக்கவில்லை.

வாசலிலேயே ஞானதுரை மனைவியின் காதில் ஓதினார். "தண்ணி, டீ எதுனாலும் குடி. சாப்பாட்டுல கை வச்சிராத."

"அவிய குச்சியிலல்லா திங்காவ," என்றாள் பரிபூரணம். "குச்சியில தின்னா கை நனையுமா?"

அவர் முறைத்தார். அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

மூங்கில் தட்டுகளில் சோபா வந்தது. பக்கத்தில் தொட்டுக்கொள்ளச் சாறும் ஒரு காலிக் கிண்ணமும். மிசாகியின் அப்பா தலை குனிந்து வணங்கி, அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டார். ஒல்லியான மனிதர். கண் மட்டும் விருந்தாளியின் தட்டிலேயே இருந்தது.

பரிபூரணம் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். ஞானதுரை ஆமென் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் தொடாததால் பரிபூரணமும் தொடவில்லை. பெற்றவர்கள் தொடாததால் ஜோயல் தொடவில்லை. மிசாகி யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் தட்டைப் பார்த்தாள்.

"அப்பா, ஒட்டிப்போயிரும். வச்சா ஒடனே சாப்பிடணும்," ஜோயல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் இன்னும் ஒண்ணும் பேசலயேலே."

உண்மையில் அவருக்குப் பயம். பெண்மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுதான் பயத்தைக் கூட்டியது. இங்கே ஒருத்தியைக் கட்டினால் பயல் இங்கேயே வேர் பிடித்துவிடுவான். இனி அப்பன் சாவுக்குத்தான் ராஜபாளையம் வருவான். ஒரு வாய் தின்றால் மகன் போனான். தின்னாவிட்டால், அவன் வாழ்க்கை போனது. பாவம், மனுஷனுக்கு வயிறு வேறு கத்தியது.

மிசாகியின் அப்பா வந்தார். ஞானதுரையின் தட்டை மட்டும் எடுத்துப்போய், புதிதாக வேகவைத்து வந்து வைத்தார். அதுவும் அப்படியே கிடந்தது. அவர் மகளிடம் ஏதோ கேட்டார். ஜோயல் முந்திக்கொண்டு வயிற்றைத் தொட்டுக் காட்டி ஜப்பானிய மொழியில் ஒரு பொய் சொன்னான்.

அந்த மனிதர் அவசரமாக உள்ளே போய், மூக்கு வைத்த சிவப்புப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஞானதுரையின் முன் வைத்தார். உள்ளே வெந்நீர், ஆவி பறந்தது.

ஞானதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பிடாதவனுக்குக் கை கழுவத் தண்ணீர் வைத்தால் என்ன அர்த்தம்? எழுந்து போ என்று அர்த்தம். நம்மைக் கை கழுவிவிட்டார்கள். சரி, அவர்களே முடித்துவிட்டார்கள் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு எரிந்தது. பாத்திரத்தை எடுத்து, காலிக் கிண்ணத்துக்குமேல் விரல்களை நீட்டி, சூட்டைப் பொருட்படுத்தாமல் விறுவிறுவென்று கழுவினார்.

மிசாகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா!" ஜோயல் கத்தியேவிட்டான். "அது குடிக்கதுப்பா! சோபா வெந்த தண்ணி. நம்ம வடிகஞ்சி மாதிரி. ஒங்களுக்கு வயிறு சரியில்லன்னு சொன்னேன், அதுக்காவ கொண்டாந்திருக்காரு."

கஞ்சியில் கை கழுவியிருக்கிறோம். ஞானதுரையின் விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடக் கூசியது.

மிசாகியின் அப்பா மெதுவாகப் பேசினார். ஜோயல் மொழிபெயர்க்கத் தயங்கினான்.

"சொல்லுலே."

"சாப்பாடு பிடிக்கலன்னா வேற செஞ்சு தாரேங்காரு. பொண்ணு பிடிக்கலன்னா... அவள வேற மாதிரி செய்ய தன்னால முடியாதுங்காரு."

பரிபூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஞானதுரை எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, அப்படியில்லன்னு சொல்லு. எங்க ஊர் வழக்கம்னு சொல்லு. பேச்சு முடியாத வீட்ல கை நனைக்க மாட்டோம். பிள்ளைய குறை சொல்லல. சத்தியமா சொல்லல."

ஜோயல் சொன்னான். அந்த மனிதர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேச்சு முடிஞ்சிட்டான்னு கேக்காரு," என்றான் ஜோயல்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஆலையில் எத்தனையோ தகராறுகளை ஒரு சொல்லில் தீர்த்தவர் மகன் பக்கம் திரும்பினார். வாயில் வந்தது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

"வருசத்துக்கு ஒருக்காவாது ஊருக்கு வருவியாலே?"

ஜோயல் மிசாகியைத் திரும்பிப் பார்த்தான். பதில் மிசாகியிடமிருந்து வந்தது, தமிழில்.

"வாரோம், மாமா."

'வருகிறோம்' இல்லை, 'வர்றோம்' இல்லை. 'வாரோம்.' புத்தகத்தில் இப்படிப் படித்திருக்க முடியாது. பயல் தன் வீட்டுப் பேச்சையே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஞானதுரை பொத்தென்று உட்கார்ந்தார்.

என்ன சொன்னாய் என்று அவள் அப்பா கேட்டிருக்க வேண்டும். அவள் தன் மொழியில் சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். பிறகு சட்டென்று திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் ஞானதுரைக்கு விளங்கிவிட்டது. அந்த மனிதருக்கும் இவள் ஒருத்திதான்.

"ஏலே, அவரயும் கூட்டிட்டு வாங்க," என்றார். "தனியா விட்டுட்டு வராதிய."

தட்டைத் தன் பக்கம் இழுத்தார். குச்சியைத் தேடவில்லை. ஒட்டிப்போயிருந்த சோபாவைக் கையாலேயே பிய்த்து வாயில் போட்டார். அந்த மனிதர் ஓடிவந்து, புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்பதுபோலத் தட்டைப் பிடித்தார். ஞானதுரை விடவில்லை. இரண்டு தகப்பன்களும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தார்கள்.