ஜக்காடு அட்டையில் நாலாவது புத்தகம்

காலை ஏழு நாற்பது. அண்ணன் வீட்டுத் தறிக்கூடத்தில் நான் முதலில் பார்த்தது, முக்காலி மேல் எம்பி நின்ற இரண்டு குதிகால்களை. முகம் தெரியவில்லை, அது தறிக்கு மேலே, புடவையில் பூ போடும் ஜக்காடு பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பள்ளிச் சீருடையை வைத்து அண்ணன் மகள் என்று அடையாளம் கண்டேன். ஆறாம் வகுப்பு.

"என்னடி பண்றே மேல?"

"அத்த, பேசாத. அட்டை போயிடும்."

கீழே அண்ணன் வழக்கத்தைவிட வேகமாக நெய்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவளுடைய தமிழாசிரியை அன்று காலை சென்னைக்குப் போய்ப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கி வருகிறார். படிக்க ஆசைப்படும் நாலு புத்தகம், ஏன் என்று ஒரு வரி. ஒவ்வொரு பிள்ளையும் எட்டே முக்காலுக்குள் எழுதித் தர வேண்டும். தராதவர்களுக்கு மிச்சம் கிடப்பதுதான். போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்த இவளுக்குத் தேனீ வளர்ப்புப் புத்தகம் வந்தது. அதையும் மூன்று முறை படித்தாள். ராணித் தேனீயைப் பற்றி இப்போதும் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

இந்த வருஷப் பட்டியலை அவள் காகிதத்தில் எழுதவில்லை. புடவையில் பூ விழுவதற்காக ஓட்டை குத்தும் நீள அட்டைகள் நாலு, ஜன்னலில் வெறுமனே கிடந்தன. அட்டைக்கு ஒரு புத்தகமாகப் பத்து நாளாக எழுதி வைத்திருந்தாள். முந்தின நாள் தறியில் தொங்கும் அட்டை வரிசையில் நாலை எலி கடித்துவிட்டது. அண்ணன் ஜன்னலில் இருந்த நாலையும் எடுத்தார், பழையதை மேலே வைத்து அதே இடங்களில் ஓட்டை குத்தினார், வரிசையில் கோர்த்துவிட்டார்.

"எழுத்து இருந்தத பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேன். எழுத்தால என்னா ஆவப்போவுது? தறிக்கு ஓட்டதான வேணும்?"

மூன்று புத்தகங்கள் அவளுக்கு நினைவிருந்தன, தாளில் எழுதிவிட்டாள். ஆக்டோபஸ் பற்றி ஒன்று: அதற்கு மூன்று இதயமாம், ஒன்று வலித்தால் மற்ற இரண்டுக்கும் தெரியுமா என்று பார்க்க. பேய்க்கதை ஒன்று: கடைசிப் பக்கத்திலும் பேய் பேயாகவே இருக்க வேண்டும், கனவு என்று முடித்தால் ஏமாற்று. பனி பெய்யும் ஊரைப் பற்றி ஒன்று: அது விழும்போது சத்தம் வருமா என்று தெரிந்துகொள்ள. நாலாவதுதான் மறந்துபோயிருந்தது. பத்து நாளுக்கு முன்னால் முதலில் எழுதியது அதுதான்.

"அதுதான் அத்த சூப்பர். எழுதும்போது நானே சிரிச்சேன்."

"அட்டைய உருவிப் பாத்துட வேண்டியதுதானே அண்ணா?"

"உருவுனா கயிறு சிக்கிக்கும்மா. பூ பாதில நிக்குது. நெய்ஞ்சிக்கினே போனா தானா வந்துடும்."

மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை நகரும்; ஒவ்வொரு அட்டைக்கும் பூ இழைகளைக் கையால் கோர்க்க அரை நிமிஷமாவது ஆகும். இந்தப் பூவுக்கு இருநூற்று நாற்பது அட்டை. எலி கடித்த இடம் வர இன்னும் எண்பதுக்கு மேல் இருந்தது. அண்ணன் காபியை வேண்டாம் என்றார். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆர்டர் குடுத்தவரு பத்து நாளா கத்துறாரு, அப்பல்லாம் இந்த வேகம் எங்க இருந்துச்சி?"

"அவரு புக்கு கேக்கலியே" என்றார் அண்ணன்.

எட்டு இருபத்தைந்துக்கு ஆக்டோபஸ் வந்தது. அடுத்து பேய். அடுத்து பனி.

"நிறுத்துப்பா!"

அட்டை நகராமலிருக்க அண்ணன் மிதியை அழுத்திய காலை எடுக்கவில்லை. நாலாவது அட்டையில் எழுத்துகளில் பாதியை ஓட்டை தின்றிருந்தது. அவள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"துப்பறியும் கதை! பெருசா. ஒரு புடவை முடியிற வரைக்கும் வரணும்."

"ஏன்னு போட்டிருக்கியா?" என்றேன்.

"அப்பாக்கு சத்தமா படிச்சிக் காட்ட. அப்பா கண்ணு தறில இருக்குது. காது சும்மாதான இருக்குது?"

"காது சும்மாவா? உங்கம்மா இருக்கும்போதா?" என்றார் அண்ணன்.

"கேக்குது, கேக்குது" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

அண்ணன் அந்த அட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவள் முக்காலியிலிருந்து குதித்து, தாளைச் சுவரில் வைத்து நாலாவதை எழுதினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆசிரியை பள்ளி வாசலில் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள்.

மறுவாரம் அவள் பெயருக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. ஆக்டோபஸும் துப்பறியும் கதையும். துப்பறியும் கதை தொண்ணூற்றாறு பக்கம். தினம் மாலை தறிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுப் படித்தாள். மூன்றாம் நாள் திருடன் பிடிபட்டான். புடவை பாதிதான் வந்திருந்தது.

நாலாம் நாள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.