ஒரே லிஃப்ட்டுக்கு இரண்டு மெக்கானிக்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் கடைக்குட்டியின் தலையில்தான். வீட்டில் மூன்று பெண்களில் அவள் கடைசி. இரண்டு அக்காக்களின் கணவர்களும் அங்கேயே மெக்கானிக்குகள் என்பதால், வீட்டுப் பெயர் ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது. மானேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

சகலைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. கேரம் ஆட்டத்தில் யார் கள்ளாட்டம் ஆடினார் என்பதுதான் தகராறு. ஒரே அறையில் டீ குடித்தாலும் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் ஜன்னலைப் பார்ப்பார்.

அந்த வாரம் ஒரு பெரிய கட்டடத்தின் கணினியைக் கம்பெனிக் கணினியோடு ஏபிஐ என்னும் மென்பொருள் இணைப்பு வழியாக இணைத்தாள் கடைக்குட்டி. லிஃப்ட் மோட்டார்களின் சூட்டையும் அதிர்வையும் கட்டடத்துக் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். கோளாறு தெரிந்தால் யாரும் போன் செய்ய வேண்டாம். செய்தி தானாக இங்கே வந்து, வேலையாகப் பதிவாகி, அப்போது வேலையில்லாமல் இருக்கும் மெக்கானிக்கின் போனுக்குப் போய்விடும்.

முதல் நாளே ஒரு மோட்டார் சூடானது. சற்று நேரத்தில் சின்ன அத்தான் போன் செய்தார்.

"என்னம்மா, விளையாடுறியா? மோட்டார் ரூமுக்கு வந்தா அந்த ஆளு எனக்கு முன்னாடி நிக்கிறாரு."

பின்னாலிருந்து பெரிய அத்தானின் குரல் கேட்டது. "எனக்குத்தான் வேலை வந்துச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

"பக்கத்துலதானே நிக்கிறீங்க அத்தான், நீங்களே சொல்லிடுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

பதிவுகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்த பிறகே 'செய்தி கிடைத்தது' என்ற பதில் போகும்படி அவள் எழுதியிருந்தாள். அதற்குள் பொறுமையிழந்த கட்டடத்துக் கணினி அதே செய்தியை மறுபடி அனுப்ப, இங்கே அது இன்னொரு வேலையாகி இரண்டாவது அத்தானுக்கும் போய்விட்டது. தலையில் அடித்துக்கொண்டு, பதிலை உடனே அனுப்பவும், ஒரே செய்தி எண்ணோடு மறுபடி வருவதை ஒதுக்கவும் மாற்றி எழுதினாள்.

அங்கே மோட்டாரின் விசிறி இறுகிக் கிடந்தது. ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் கழற்ற முடியும். வேறு வழியில்லாமல் "பிடிங்க", "விடுங்க" என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

மதியம் இருவரும் சேர்ந்தே ஆபீசுக்குள் வந்தார்கள்.

"நம்ம ரெண்டு பேரையும் எப்படி அலைய விட்டா பாத்தீங்களா அண்ணே" என்றார் சின்ன அத்தான்.

"சின்ன வயசுலயே இவ இப்படித்தான்" என்றார் பெரியவர்.

கடைக்குட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

சாயங்காலம் பெரியக்கா போன் செய்தாள். "ஒரே வேலை ரெண்டு பேருக்கும் போறதைச் சரி பண்ணாம விட்டிருக்கலாம்ல? இப்படியே பேசிக்கிட்டு இருப்பாங்க."

"அடுத்த வாரம் இன்னும் நாலு கட்டடம் சேருதுக்கா. விட்டா எல்லா மெக்கானிக்கும் ஒரே மோட்டார் ரூம்ல நிப்பாங்க."

"சரி, சாப்பிட வா. உன்னைத் திட்டுறதுக்குன்னே ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்காங்க."